மாதம் 40,000 வருமானக் குடும்பத்துக்கு பில்டர்களின் திட்டத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி இது: “மும்பை சயான் கோலிவாடாவில் அம்மா பேரில் ஒரு ஜோப்படா (குடிசை) இருக்கிறது. குடிசையை இடித்துக் கட்டடம் எழுப்பி வீடு தரும் எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்தின் பேச்சு நடக்கிறது. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆண்டாப் ஹில்லில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறோம். மாத வருமானம் 40,000. நாட்டின் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கிறோம் என்று பில்டர் சங்கங்கள் வரிச்சலுகை, கூடுதல் எஃப்எஸ்ஐ (மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு), ஒற்றைச் சாளர அனுமதி எல்லாம் கேட்கின்றன. அதெல்லாம் நடந்தால் விலை இறங்குமா? காத்திருக்கலாமா?”

விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். அந்தச் சங்கங்கள் கேட்பதில் நியாயமானவையும் உண்டு. ஆனால் எதுவும் உங்கள் கைக்கு எட்டும் விலையில் வீட்டைக் கொண்டுவரும்படி எழுதப்படவில்லை. உங்கள் குடும்பத்துக்கு இப்போது பெரிய சொத்து அம்மா பேரில் இருக்கும் அந்த ஜோப்படாவும் அதன் காகிதங்களும்தான். அதற்கு வருவதற்கு முன் பற்றாக்குறை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

2012-இல் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு இந்திய நகரங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் அடிப்படைக் கணக்கு அதுதான். அதன் உள்விவரத்தைப் பலர் படிப்பதில்லை. தெருவில் படுப்பவர்கள் 5.3 லட்சம் குடும்பம். நிற்க முடியாத கச்சா வீடு 9.9 லட்சம். காலாவதியான கட்டடம் 22.7 லட்சம். மீதி 1.499 கோடியும் நெரிசல். கல்யாணமான மகனுக்குத் தனி அறை இல்லாமல் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இரண்டு குடும்பம் படுக்கிறதே, அந்தக் கணக்கு. மொத்தப் பற்றாக்குறையில் சுமார் 96 சதவீதம் நலிந்த பிரிவினரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும். நடுத்தர வர்க்கமும் அதற்கு மேலும் சேர்த்து 4.4 சதவீதம்தான்.

இன்னொரு பக்கம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.11 கோடி. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை அந்தக் கணக்கெடுப்பை வைத்துச் சொன்னபடி, மும்பையில் மட்டும் சுமார் 4.8 லட்சம் வீடு காலி. நாட்டிலேயே அதிகம். ஆக, கட்டப்பட்ட வீடு ஓரிடத்திலும் வீடு தேவைப்படும் குடும்பம் வேறிடத்திலும் இருக்கிறது. நடுவில் நிற்பது விலை.

இப்போது பில்டர்கள் கேட்பதற்கு வருவோம். கிரெடாய், நரெட்கோ என்ற இரண்டு அகில இந்திய அமைப்புகளும் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்னும் கொடுக்கும் பட்டியலில் திரும்பத் திரும்ப வருபவை சில. முதலாவது, ‘கட்டுப்படியாகும் வீடு’ என்பதற்கான 45 லட்சம் வரம்பை உயர்த்த வேண்டும். 1.4.2019 முதல் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட்டுக்குள்ளும் (சுவர்களுக்குள் இருக்கும் தரைப் பரப்பு) 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். 45 லட்சம் வீட்டுக்கு வரி 45,000 என்றால் 46 லட்சம் வீட்டுக்கு 2.3 லட்சம். இந்தப் படி செங்குத்தாக இருப்பது உண்மை. மும்பையில் இது இன்னும் விநோதம். 60 சதுர மீட்டர் என்பது 646 சதுர அடி. 45 லட்சத்தை அதால் வகுத்தால் சதுர அடிக்கு 7,000 ரூபாய்கூட வரவில்லை. சயானில் அந்த விலைக்கு யாரும் வீடு கொடுக்கப்போவதில்லை. வரம்பை உயர்த்தினால் 70, 80 லட்சம் வீடு வாங்குபவருக்கு மூன்று லட்சம் மிச்சமாகும். அது அவருக்கு நல்லது. உங்கள் பக்கம் அதனால் ஒன்றும் நகராது.

உங்கள் கணக்கை இங்கேயே போட்டுவிடுவோம். 40,000 சம்பாதிக்கும் வீட்டில் தவணைக்கு 16,000-க்கு மேல் போனால் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் தடுமாறும். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு லட்சம் கடனுக்குத் தவணை 868 ரூபாய். 16,000-க்கு வரும் கடன் சுமார் 18.4 லட்சம். கையில் 4.6 லட்சம் இருந்தால் 23 லட்சம் வீடு. முத்திரைத்தாள், பதிவுக்கு இன்னும் ஒன்றரை லட்சம் தனி. இந்த 23 லட்சத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கோரிக்கை, கூடுதல் எஃப்எஸ்ஐ-யும் மாநகராட்சிக்குக் கட்டும் பிரீமியத்தில் தள்ளுபடியும். மும்பைத் தீவு நகரில் அடிப்படை எஃப்எஸ்ஐ 1.33, புறநகரில் 1. அதற்கு மேல் கட்டுவதற்குப் பிரீமியம், டிடிஆர் (வேறு மனையிலிருந்து மாற்றி வாங்கும் கட்டும் உரிமை), ஃபஞ்சிபிள் பரப்பு (கட்டணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் பரப்பு) என்று காசு கட்டி வாங்க வேண்டும். படிக்கட்டு, லிஃப்ட் பரப்புக்குத் தனிப் பிரீமியம், விட வேண்டிய இடம் விடாததற்குத் தனிப் பிரீமியம். இதைக் குறைத்தால் விலை இறங்கும் என்பது வாதம். ஏன் இறங்காது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. விற்கும் விலை சதுர அடிக்கு 25,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானம் 6,500, பிரீமியமும் கட்டணங்களும் 5,000, வட்டியும் அலுவலகச் செலவும் 4,000, லாபம் 3,500. மீதி 6,000 நிலத்துக்கு. பிரீமியத்தைப் பாதியாக்கினால் 2,500 மிச்சம். பில்டர் 22,500-க்கு விற்பாரா? பக்கத்துக் கட்டடத்தில் 25,000-க்கு வாங்க ஆள் இருக்கும்வரை விற்கமாட்டார். ஆனால் அடுத்த மனைக்குப் போட்டி போடும்போது நிலத்துக்கு 6,000 கொடுத்தவர் 8,500 வரை கொடுக்கத் தயாராவார். சலுகை நிலத்துக்காரர் கைக்குப் போய்விடும். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் மறுசீரமைப்பு என்றால் அந்த நிலத்துக்காரர் பழைய சொசைட்டி உறுப்பினர்கள். இருக்கும் பரப்புக்கு மேல் 30 சதவீதம் கேட்டவர்கள் 40 கேட்பார்கள். புதிதாக வீடு தேடுபவர் பழைய விலையையே கட்டுவார்.

2021-இல் இது நடைமுறையில் சோதிக்கப்பட்டது. மகாராஷ்டிர அரசு தீபக் பரேக் குழுவின் பரிந்துரையின் பேரில் பிரீமியங்களில் 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது. அரசு ஒரு நல்ல காரியம் செய்தது: தள்ளுபடி வாங்கும் பில்டர் அந்தத் திட்டத்தில் வீடு வாங்குபவரின் முத்திரைத்தாள் கட்டணத்தைத் தானே கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வாங்குபவரிடம் உறுதியாகச் சேர்ந்தது அந்த முத்திரைத்தாள் பணம் மட்டும்தான். எந்தச் சலுகையும் அதோடு கட்டிய நிபந்தனை எவ்வளவோ அவ்வளவுதான் வாங்குபவரிடம் வந்து சேரும். பில்டர் சங்கத்தின் எந்தக் கோரிக்கையைப் பார்த்தாலும் நிபந்தனை என்ன என்று முதலில் தேடுங்கள்.

எஃப்எஸ்ஐ-க்கு இயற்கையான கூரையும் உண்டு. குர்லா, காட்கோபர், வீலே பார்லே பக்கம் விமானப் பாதைக்குக் கீழே உயரத் தடை இருப்பதால், காகிதத்தில் இருக்கும் எஃப்எஸ்ஐ-யைக் கட்டவே முடியாது. மற்ற இடங்களில் எவ்வளவு கூடுதலாகக் கட்டலாம் என்பதைச் சாலையின் அகலம் தீர்மானிக்கிறது. அது சரியான விதி. இருபது மாடிக் கட்டடத்தின் தண்ணீரும் சாக்கடையும் தீயணைப்பு வண்டியும் அந்தச் சாலை வழியேதான் வந்துபோக வேண்டும்.

மூன்றாவது, ஒற்றைச் சாளர அனுமதி. எல்லாக் கோரிக்கைகளிலும் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். 100 கோடிக் கடன், 15 சதவீத வட்டி, விற்பனைப் பரப்பு ஒரு லட்சம் சதுர அடி என்று வைத்தால், ஓராண்டு தாமதம் சதுர அடிக்கு 1,500 ரூபாய். தீயணைப்பு, மரம், மழைநீர் வடிகால், விமான நிலையம், கடற்கரை மண்டலம் என்று ஒவ்வொரு என்ஓசி-க்கும் (ஆட்சேபணையில்லாச் சான்று) தனியாக அலைவதில் இந்த ஓராண்டு எளிதாகப் போகிறது. அது குறைந்தால் விலை இறங்காவிட்டாலும், டிரான்சிட்டில் (கட்டடம் முடியும்வரை தற்காலிக வீட்டில்) கிடக்கும் குடும்பம் ஓராண்டு முன்னதாகச் சாவி வாங்கும். ஆனால் சாளரம் ஒன்றானால் எல்லாம் ஓடும் என்று நம்பிவிடக்கூடாது. எஸ்ஆர்ஏ-வே 1995-இல் அப்படித்தான் உருவானது. குடிசைத் திட்டங்களுக்கு மாநகராட்சிக்குப் பதிலாக அதுவே திட்டமிடும் அதிகாரம். 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்று அப்போது பேசினார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த இலக்கில் பாதிகூட ஆகவில்லை. யார் தகுதியானவர் என்ற தகராறும் பில்டரிடம் பணம் வற்றிப்போவதும்தான் திட்டங்களை நிறுத்தின. அதை எந்தச் சாளரமும் தீர்க்காது.

புதிய தொழில்நுட்பம் பற்றியும் பேசுகிறார்கள். அதில் சந்தேகமே வேண்டாம், வேகமாகக் கட்ட முடியும். சென்னை பெரும்பாக்கத்தில் 1.1.2021 அன்று அடிக்கல் நாட்டிய 1,152 வீடுகள், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு கட்டி, 2022 மே மாதம் திறக்கப்பட்டன. ஆனால் அங்கே நிலம் ஏற்கெனவே அரசின் கையில் இருந்தது. மும்பையில் நிலம்தான் முடிச்சு, சுவர் எழுப்புவது அல்ல.

யாருடைய கோரிக்கைப் பட்டியலிலும் அழுத்தமாக வராத ஒன்று வாடகை வீடு. இது உங்களைப் போன்றவர்களை நேராகத் தொடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாராவியிலும் கோலிவாடாவிலும் ஜோப்படாவின் மேல் இரும்பு ஏணி வைத்து ஏறும் ஒரு பொட்மாளா இருக்கும். பத்தடிக்குப் பத்தடி, மேலே தகரம் அல்லது சிமென்ட் ஷீட். அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வருபவருக்கு இந்த நகரத்தில் முதல் வீடு அதுதான். எஸ்ஆர்ஏ விதியில் மேல்மாடிக்குத் தகுதி இல்லை. தரைத்தளத்துக்கு ஒரு வீடு, அவ்வளவுதான். கட்டடம் எழும்பும்போது நூறு குடும்பத்துக்கு வீடு கிடைக்கும். மேலே இருந்த எண்பது குடும்பத்துக்கு வாடகை அறை காணாமல் போகும். பில்டர் தன் கணக்கில் நூறு வீடு கூடியது என்று எழுதுவார், எண்பது குறைந்ததை யாரும் எழுதுவதில்லை. தாராவித் திட்டத்தில் முதன்முறையாக மேல்மாடிக்காரர்களையும் சேர்த்தார்கள். 15.11.2022-க்கு முன் இருந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே வாடகை-கொள்முதல் முறையில் வீடு என்ற ஏற்பாடு அது. வெளியே என்பது மனதை உறுத்துகிறது. வேலை தாராவியில்தானே இருக்கிறது. இருந்தாலும் மேல்மாடிக்காரரையும் மனிதராகக் கணக்கில் எடுத்த அளவில் அது ஒரு படி முன்னேற்றம்.

வேலைக்குப் பக்கத்தில் வாடகைக் குடியிருப்பு கட்ட முடியாது என்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு 706.5 கோடி செலவில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. யாருக்கும் எதையும் விற்கவில்லை. மத்திய அரசும் 2020-இல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான வாடகை வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. காலி அரசு வீடுகளை மாற்றும் அதன் பகுதி சில ஆயிரம் வீடுகளோடு நின்றது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. பூட்டிக் கிடக்கும் 4.8 லட்சம் வீட்டில் பாதி வாடகைக்கு வந்தாலே மும்பை மூச்சு விடும்.

இனி உங்கள் அம்மாவின் ஜோப்படா. இங்கே தவறினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

1.1.2000-க்கு முன்பிருந்து இருப்பதாகக் காட்டினால் வீடு இலவசம். அதற்குப் பின் 1.1.2011 வரை என்றால் 2.5 லட்சம் ரூபாய் கட்டி வாங்கலாம். கிடைக்கும் பரப்பு 300 சதுர அடி கார்ப்பெட். யாருக்கு வீடு என்று சொல்லும் தகுதிப் பட்டியலுக்குப் பெயர் அனெக்சர்-2. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இந்தப் பட்டியலில்தான், காரணம் பெயர். ஊரில் அம்மாவின் பெயர் ‘சு. செல்லம்மாள்’. இங்கே வாக்காளர் பட்டியலில் ‘செல்லம்மா சுடலைமுத்து நாடார்’. ரேஷன் கார்டில் கணவர் பெயர் நடுவில். ஆதாரில் வெறும் ‘செல்லம்மாள் எஸ்’. மகாராஷ்டிரத்தில் சொந்தப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் நிரப்புவார்கள். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். எழுதுகிறவர் அன்றைக்குத் தோன்றியதை நிரப்பிவிட்டார். இருபது ஆண்டு கழித்து அதிகாரிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். பட்டியலில் ‘தகுதியில்லை’ அல்லது ‘முடிவு நிலுவை’ என்று வந்துவிடும்.

இதற்கு இப்போதே செய்ய வேண்டியது: 2000-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை முதலில் வாங்குங்கள். அதில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து ஆதார், பான், ரேஷன் கார்டு, மின்கட்டணம் எல்லாவற்றையும் அதே எழுத்துக்கு மாற்றுங்கள். மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட், அதோடு மகாராஷ்டிர அரசிதழில் பெயர் அறிவிப்பு. அஃபிடவிட் மட்டும் போதும் என்று ஏஜென்ட் சொல்வார். அரசிதழ் இருந்தால் மேல்முறையீட்டில் வாதாட வேண்டியதே இராது. பழைய போட்டோ பாஸ் (குடிசைக்காரருக்கு அரசு தந்த அடையாளச் சீட்டு), அபராத ரசீது, மின்மீட்டர் பில் எதையும் பழையது என்று தூக்கி எறியாதீர்கள்.

சர்வேக்காரர்கள் வரும் நாளில் கதவு பூட்டியிருந்தால் அந்த ஜோப்படா ‘பூட்டியது’ என்று பதிவாகும். ஏப்ரல், மே மாதம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகும் நேரத்தில் இது அடிக்கடி நடக்கிறது. அம்மா ஊருக்குப் போனாலும் உங்களில் ஒருவர் அங்கே இருங்கள். ஒருவேளை அம்மாவுக்கு ஏதாவது ஆனால், வாரிசுப் பெயர் மாற்றத்தை அனெக்சர்-2 இறுதியாவதற்கு முன்பே முடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேசி முடித்து எழுதி வைப்பது இப்போது சங்கடமாக இருந்தாலும், சாவி வந்தபின் நீதிமன்றம் போவதைவிட எளிது.

பட்டியலில் பெயர் தள்ளப்பட்டால் பில்டர் ஆளிடம் கெஞ்ச வேண்டாம். மேல்முறையீட்டு அதிகாரியிடம் எழுத்தில் போய், அங்கும் ஆகாவிட்டால் குறைதீர் குழுவுக்குப் போங்கள். பட்டியலும் எல்ஓஐ எனப்படும் ஒப்புதல் கடிதமும் எஸ்ஆர்ஏ இணையதளத்தில் ஏறும். கமிட்டிக்காரர் காட்டும் ஜெராக்ஸை நம்பாமல் நீங்களே இறக்கிப் படியுங்கள்.

சம்மதம் கேட்டு வருவார்கள். 51 சதவீதம் சேர்ந்தால் திட்டம் போகும். முன்பு 70 இருந்தது. வெற்றுத்தாளிலோ, பரப்பும், புது வீடு வரும்வரை பில்டர் தர வேண்டிய வாடகையும் எழுதாத தாளிலோ அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாதீர்கள். காலி செய்யும் முன் பதிவு செய்த தனி ஒப்பந்தம் வேண்டும். கார்ப்பெட் பரப்பு, எந்தக் கட்டடம், மாத வாடகை, ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு, சாவி தரும் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். திட்டங்கள் உடையும் முதல் இடம் வாடகை. பதினெட்டு மாதம் செக் வரும், பிறகு தாமதமாகும், பிறகு நிற்கும். ஜோப்படாவை இடித்தபின் உங்கள் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. ஆகவே இடிப்பதற்கு முன்பே இரண்டு ஆண்டு வாடகை எஸ்ஆர்ஏ-விடம் முன்வைப்பாகச் செலுத்தப்பட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். நின்றுபோனால், பாக்கி தீரும்வரை அதே இடத்தில் பில்டர் சந்தையில் விற்கக் கட்டும் விற்பனைக் கட்டடத்துக்கு மேற்கொண்டு சிசி (கட்டுமானத் தொடக்க அனுமதி) தரக்கூடாது என்று எஸ்ஆர்ஏ-வுக்குக் கூட்டாக எழுதுங்கள். பில்டருக்கு வலிக்கும் இடம் அதுதான். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் குடிசைச் சட்டத்தின் 13(2) பிரிவில் பில்டரையே மாற்றலாம். இன்னொன்று, வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது விற்பனைக் கட்டடத்தில் காசு கொடுத்து வாங்குபவருக்கு. மறுவாழ்வு வீட்டுக்காரர் அதில் வரமாட்டார்.

வரைபடத்தைப் பார்க்கும்போது கட்டடங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். எஸ்ஆர்ஏ-வில் ஹெக்டேருக்குக் குறைந்தது 650 வீடு அடைக்க வேண்டும். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 3,250 பேர். கோவண்டியின் நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்டுகளில் மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு இடையே வெறும் 3 மீட்டர்தான். கீழ்மாடிகளில் நண்பகலிலும் விளக்கு எரிகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குப்பை. வெளிச்சமும் காற்றும் இல்லாததற்கும் அங்கே காசநோய் அதிகமாக இருப்பதற்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு காட்டியது. நெரிசலைத் தீர்க்கக் கட்டிய வீட்டில் பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் அது வீடாகாது. குலுக்கலில் எந்த மாடி வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் வரைபடம் ஒப்புதலாவதற்கு முன் இடைவெளி கேட்டுச் சங்கமாக எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது உங்கள் சொந்த வீடு. 23 லட்சத்துக்கு வீடு என்றால் பத்லாப்பூர், வாங்கணி, போய்சர் பக்கம்தான். பத்லாப்பூர் மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்திலிருந்து 68 கிலோமீட்டர். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வர வேண்டும். அதற்குத் தயாரென்றால், பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம். ஐந்து ஆண்டுத் தவணையில் மொத்தம் 1.8 லட்சம் வரை வரும். கடன் 1.9.2024-க்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் யார் பேரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக்கூடாது. ஊரில் அப்பா கட்டிய வீடு உங்கள் பேருக்கு எழுதப்பட்டிருந்தால் தகுதி போய்விடும். பட்டாவையும் பஞ்சாயத்து வீட்டுவரி ரசீதையும் முதலில் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பான மாடா நடத்தும் குலுக்கல். மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4.8 லட்சம். மத்தியத் திட்டத்தின் பொது வரையறையில் இது குறைந்த வருவாய்ப் பிரிவு. மும்பைப் பெருநகரப் பகுதியில் மாடாவுக்கு 6 லட்சம் வரை நலிந்த பிரிவு. விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகக் குறித்தால் குலுக்கலில் பெயர் வந்தும் வீடு கைவிட்டுப் போகும். மகாராஷ்டிர டொமிசைல் (வசிப்பிட) சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே நுழைய முடியாது. அதற்குத் தொடர்ச்சியான 15 ஆண்டு வசிப்புச் சான்று வேண்டும். பள்ளிச் சான்றிதழ் இங்குள்ளதாக இருந்தால் எளிது. இதையும் வருமானச் சான்றையும் அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். கொங்கண் மண்டலக் குலுக்கலில் ‘20 சதவீதத் திட்டம்’ என்று ஒரு பிரிவு வரும். பெரிய மனையில் கட்டும் தனியார் பில்டர் ஐந்தில் ஒரு பங்கைச் சிறு வீடாக ஒதுக்கித் தர வேண்டும் என்ற விதியில் வருபவை அவை. தானே, கல்யாண் பக்கம், தனியார் கட்டுமானத்தில், சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். பில்டர்கள் செய்வதிலெல்லாம் எனக்குப் பிடித்தது எது என்றால், அவர்கள் விரும்பாமல் செய்யும் இந்த 20 சதவீதத்தைச் சொல்வேன்.

தனியாரிடம் நேராக வாங்கினால் மூன்று விஷயம். பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், ரெரா சட்டமே அதைத் தடுக்கிறது. மகாரெரா (மகாராஷ்டிர ரெரா ஆணையம்) தளத்தில் அந்தத் திட்டத்தின் முடிவுத் தேதி எத்தனை முறை தள்ளிப்போனது என்று பாருங்கள்; இரண்டு முறைக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். முடிந்தால் ஓசி (குடியேறலாம் என்ற சான்று) வந்த வீட்டையே வாங்குங்கள், ஜிஎஸ்டி-யும் இல்லை, வாடகையும் தவணையும் ஒரே நேரத்தில் கட்டும் கொடுமையும் இல்லை. மனைவி பேரில் பதிவு செய்தால் மகாராஷ்டிரத்தில் முத்திரைத்தாளில் ஒரு சதவீதம் குறைவு. 23 லட்சத்துக்கு அது 23,000.

வரிசையாகச் செய்வதென்றால், இந்த வாரம் வாக்காளர் பட்டியல் நகலுக்கு விண்ணப்பம். அது கையில் வந்ததும் அம்மாவின் ஆதார் திருத்தமும் அரசிதழும். டொமிசைல் சான்றிதழ் அதற்கு இணையாக ஓடட்டும். வங்கிக் கடன் பற்றி அடுத்த மாடா அறிவிப்புக்குப் பிறகு யோசித்தால் போதும்.